ஒரு மூக்குக் கண்ணாடிக்காக நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நீதிமன்றத் தன்னார்வலராக இரண்டு குழந்தைகளுக்காக நான் பார்த்துவந்த கேஸ் போன மாதம் முடிந்தது. 19 மாதம் ஓடியிருக்கிறது. இந்த மடலில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் தமிழில் சொன்னால்தான் எனக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கிறது. அப்புறம், அவர்கள் செய்ததை நம் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஆசை.

யார் பெயரும் வராது. குழந்தைகளைப் பற்றிய விவரம் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று நீதிபதி முன்னால் கையை உயர்த்தி உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். ஓர் அக்கா, ஒரு தம்பி. அவ்வளவுதான் சொல்ல முடியும். அதையும் என் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: அடிபட்டோ கவனிப்பார் இல்லாமலோ இருக்கும் குழந்தையை அரசு எடுத்து வேறு வீட்டில் வைக்கும்போது, அந்த வழக்கில் குழந்தைக்காக மட்டும் பேசுவதற்கு அமெரிக்காவில் பல இடங்களில் நீதிமன்றமே ஒரு தன்னார்வலரை நியமிக்கும். சுருக்கமாகக் 'காஸா' (CASA, Court Appointed Special Advocate) என்பார்கள். சட்டப் படிப்பு வேண்டாம். பின்னணிச் சோதனை, 30 மணி நேரப் பயிற்சி, அப்புறம் கையில் ஒரு வழக்கு. 1977இல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கி வைத்தது இது. குழந்தையைப் பற்றிப் போதுமான விவரம் தெரியாமலேயே அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் மனம் கேட்காமல், ஊர் மக்களிடம் உதவி கேட்டார். 50 பேர் வந்தார்கள்.

இதில் எனக்குக் கடினமாக இருந்தது ஒரு விதி. குழந்தைகளைப் போய்ப் பார்க்கலாம், ஆசிரியரிடமும் டாக்டரிடமும் பேசலாம், பதிவேடுகளைப் படிக்கலாம், நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதலாம். ஆனால் பணமோ விலையுள்ள பொருளோ கொடுக்கக்கூடாது. குழந்தையை நம் வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது.

நான் இரண்டாவது முறை போனபோது தம்பி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். மூக்கு காகிதத்தில் உரசுகிற அளவுக்குக் குனிந்திருந்தான். "கண்ணாடி இருக்கா?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றான். பழைய வீட்டிலிருந்து கிளம்பிய இரவு, ஒரு கறுப்புக் குப்பைப் பையில் துணிமணிகளைத் திணித்து எடுத்து வந்திருக்கிறார்கள். கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குள் குழந்தைகளின் வழக்கைக் கவனிக்கும் அரசு ஊழியரான கேஸ்வொர்க்கரும் மாறிவிட்டார். புதியவர் கோப்பைப் படித்து முடிக்கவே நேரமில்லாமல் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் நானே வாங்கிவிடலாம். சூப்பர்வைசருக்கு போன் செய்து அழாத குறையாகக் கேட்டேன். "நீங்கள் வாங்கினால் ஒரு கண்ணாடி கிடைக்கும். அறிக்கையில் எழுதினால், அடுத்தது உடையும்போதும் கிடைக்கும்" என்றார். சூப்பர்வைசர் அம்மா, அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மாதங்களை ஓட்டினேன். ராத்திரி 10 மணிக்குப் போனை எடுத்ததற்கும் சேர்த்து நன்றி.

அப்புறம் நடந்ததில் என் பங்கு கொஞ்சம்தான். பள்ளி நர்ஸ், என்னை நியமித்த நீதிமன்ற ஆணையை நான் காட்டியதும், போன வருடக் கண் பரிசோதனைத் தாளை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். வகுப்பு ஆசிரியை, "இவன் மந்தம் இல்லை, போர்டு தெரியவில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பியை அரசு வைத்திருந்த வீட்டின் வளர்ப்புத் தாய் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனார். நீதிபதி 10 நாள் கெடு வைத்து உத்தரவு போட்டார். அடுத்த விசாரணையில் எல்லோரும் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடி வந்ததா?" ஐயா, அத்தனை கோப்புகளுக்கு நடுவில் அது உங்கள் நினைவில் இருந்ததே, அதற்கு என் வணக்கம்.

அக்கா வேறொரு வீட்டில் இருந்தாள். உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் இரண்டு கட்டில் போட இடமுள்ள வீடு அமைய வேண்டுமே. ஏழு மாதம் அமையவில்லை. அத்தனை சனிக்கிழமையும் தம்பியைக் காரில் ஏற்றி அக்காவிடம் கூட்டிப் போனதும் அதே வளர்ப்புத் தாய்தான். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லவே இல்லை. அக்கா தனக்குக் கிடைத்த பிஸ்கட்டில் பாதியைக் காகிதத்தில் மடித்து அவனுக்காக எடுத்து வைத்திருப்பாள்.

விசாரணை நாட்களில் என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சாப்பாடு போட்ட பக்கத்துத் தெரு அக்கா, "என்ன கேஸ்?" என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் பதில் சொல்ல முடியாமல் தவிப்பேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நேரில் சொன்னால் "அட போ" என்று தட்டிவிடுவீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கும் நன்றி. நான் பேசாமல் உட்கார்ந்திருந்த மாலைகளில் அவரும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக, அந்தக் குழந்தைகளின் அம்மாவுக்கு. முதல் நாள் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் சொன்ன ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பஸ் மாறிப் போனீர்கள். சிகிச்சையை முடித்தீர்கள். ஒரு முறை தடுமாறியபோது நீங்களே கேஸ்வொர்க்கரைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். பிள்ளைகளை உங்களிடமே அனுப்பலாம் என்று நான் அறிக்கையில் எழுதியது இரக்கத்தால் இல்லை. நீங்கள் செய்ததைப் பார்த்து எழுதினேன். அப்படி எழுத வைத்ததற்கு நன்றி.

கேஸ் முடிந்த அன்று வராந்தாவில் தம்பி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். இரண்டாவது கண்ணாடி அது, நீல ஃபிரேம். முதலாவது விளையாட்டு மைதானத்தில் உடைந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் அறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மாவே டாக்டரிடம் கூட்டிப் போய் வாங்கியிருந்தார்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி