பழைய ஜெட் விமானம்: கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிசினஸ் ஜெட் சந்தை பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை, விளம்பரங்களில் உள்ள விலைகளைச் சராசரி எடுத்து 'விலை இறங்குகிறது' என்று முடித்திருந்தது. அவை விற்பவர் கேட்கும் விலைகள். கைமாறிய விலையை இரு தரப்பும் வெளியே சொல்வதில்லை. அமெரிக்கப் பதிவேட்டுக்குப் போகும் விற்பனைப் பத்திரத்திலேயே பெரும்பாலும் 'ஒரு டாலரும் இதர மதிப்பும்' என்றுதான் எழுதியிருக்கும். விளம்பரத்துக்கே வராமல் புரோக்கர்களுக்குள் முடிந்துவிடும் விற்பனைகளும் உண்டு.

விற்பனைக்கு நிற்பவை மொத்த விமானங்களில் 10 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குபவர் கை ஓங்கும், குறைந்தால் விற்பவர் கை ஓங்கும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. 2009இல் அது 10ஐ வெகுவாகத் தாண்டியது. 2021-22இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் எல்லா ஜெட்டுக்கும் சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டால் ஒன்றும் தெரியாது. ஒரே மாடலில் வயது குறைந்த, இன்ஜின் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்த விமானங்கள் இரண்டு மூன்றுதான் தேறும். அதே மாடலின் பழைய வரிசை எண்கள் கேட்பாரற்று ஹேங்கரில் நிற்கும். விமானத்தின் வயதோடு கடன் காலத்தையும் கூட்டி, அது ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் வங்கிகள் கடன் தருகின்றன. எனவே பழையவற்றை வாங்க வருவோரில் பலர் ரொக்கமாகக் கொடுக்கக்கூடியவர்கள். அவர்கள் அடிக்கும் பேரமே வேறு.

சந்தை யார் பக்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒப்பந்த வாசகத்தைப் பார்க்க வேண்டும். வழக்கமான நடை இது: விருப்பக் கடிதம், எஸ்க்ரோ கணக்கில் (பணத்தை மூன்றாம் தரப்பு பிடித்து வைக்கும் கணக்கு) திரும்பப் பெறக்கூடிய முன்பணம், கொள்முதல் ஒப்பந்தம், ஆய்வு, பிறகு விமானத்தின் நிலையை ஏற்கிறேன் என்று வாங்குபவர் போடும் 'தொழில்நுட்ப ஏற்பு' என்ற கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுந்ததும் முன்பணம் திரும்பாது. ஆய்வுச் செலவு வாங்குபவருடையது. பறக்கும் தகுதியைக் கெடுக்கும் குறைகளைச் சரிசெய்வது விற்பவர் பொறுப்பு. விற்பவர் கை ஓங்கிய காலத்தில் பழுதுச் செலவுக்கு உச்சவரம்பு வரும், ஆய்வின் அளவு சுருங்கும், 'உள்ளது உள்ளபடியே' என்ற வரி நுழையும். 2021-22இல் ஆய்வே வேண்டாம் என்று வாங்கியவர்களும் இருந்தார்கள். இந்த வரிகள் மாறத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்துத்தான் விளம்பர விலை அசையும்.

விலையில் பெரிய பள்ளம் விழும் இடம் இன்ஜின். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் செலுத்திப் பெரிய பழுதுபார்ப்புகளை உற்பத்தியாளரிடமோ ஜெஎஸ்எஸ்ஐ போன்ற நிறுவனத்திடமோ ஒப்படைக்கும் திட்டங்கள் உள்ளன. திட்டத்தில் இல்லாத விமானத்தைப் பின்னர் சேர்க்க வேண்டுமென்றால், ஓடிய மணிகளுக்கும் கட்டணம் கேட்பார்கள். இரண்டு இன்ஜினும் கடைசிப் பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் 2,000 மணி ஓடியிருந்தால் கணக்கு 4,000 மணிக்கு. ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்று பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விமானங்களுக்குள் உள்ள வித்தியாசம் பலமுறை இவ்வளவுதான். 'திட்டத்தில் உள்ளது' என்ற புரோக்கரின் வாய்வார்த்தையும் போதாது. ஆண்டுக்கு இத்தனை மணி என்ற குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. விற்பவர் குறைவாகப் பறந்து அந்தப் பாக்கியைக் கட்டாமல் விட்டிருப்பார். அரிப்புக்கும் இன்ஜின் வெளிப்பொருளை உறிஞ்சியதால் வரும் சேதத்துக்கும் காப்பு இருக்கிறதா, ஒப்பந்தம் புது உரிமையாளருக்கு மாறுமா என்பதைத் திட்ட நிறுவனத்திடமே எழுத்தில் வாங்க வேண்டும்.

'குறைந்த மணியே ஓடியது' என்று கட்டுரை பாராட்டியிருந்தது. நாங்கள் அதைக் கேட்டால் முதலில் சந்தேகப்படுவோம். சாலஞ்சர் 604 ஜெட்டின் 96 மாத ஆய்வும், கிங் ஏர் என்ற டர்போபிராப் விமானத்தின் ஆறாண்டு லேண்டிங் கியர் ஓவர்ஹாலும் நாட்காட்டியைப் பார்த்து வருபவை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். நின்ற விமானத்தில் சீல்கள் காய்ந்து கசியும், எரிபொருள் தொட்டியில் பூஞ்சை படியும், தரைப்பலகைக்கு அடியில், குறிப்பாகக் கழிப்பறை, சமையலறைப் பகுதிகளில், அரிப்பு ஓடும். பெரிய ஆய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது சந்தைக்கு வரும் விமானத்தின் விலை ஏன் மலிவு என்று கேட்கவே வேண்டாம்.

வாங்கும் முன் செய்யும் ஆய்வை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த கூடத்தில் வைக்கக் கூடாது. தன் வேலையிலேயே குறை எழுத யாருக்கும் கை வராது. போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை இரு இன்ஜினிலும் ஏபியு என்ற துணை இன்ஜினிலும் நுழைத்துப் பார்த்து, டர்பைன் பிளேடுகளின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். லாக் புக் பக்கம் காணாமல் போனதும், ஆயுள் வரம்புள்ள பாகங்களுக்குப் பிறந்த நாள் முதல் பதிவு இல்லாததும் உலோகத்தில் உள்ள விரிசலைவிடச் செலவு வைக்கும். விரிசல் விட்ட பாகத்தை மாற்றலாம், காகிதம் இல்லாத பாகத்தைக் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. பதிவு நாடு மாறுவதானால் இன்னொன்று: கேபின் வைஃபை ஆன்டெனா போன்ற மாற்றங்களுக்கு ஒரு நாடு தந்த ஒப்புதலை மற்ற நாடு ஏற்றிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கட்டுரை தொடாத விஷயம் டிசம்பர். அமெரிக்காவின் 2017 வரிச் சட்டம், தொழிலுக்குப் பயன்படும் பழைய விமானத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வழி செய்தது. 2023 முதல் ஆண்டுக்கு 20 சதவீதப் புள்ளி குறைந்துவந்த அந்தச் சலுகை, 2025 ஜூலை 4 சட்டத்தால், அந்த ஆண்டு ஜனவரி 19க்குப் பின் வாங்கியவற்றுக்கு மீண்டும் 100 சதவீதமானது. வாங்கிய ஆண்டின் கணக்கிலேயே கழிக்க டிசம்பர் 31க்குள் விமானம் பயன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். அதனால் கடைசிக் காலாண்டில் நல்ல ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைப்பதில்லை, எஸ்க்ரோ அலுவலகங்கள் திணறுகின்றன, விமானத்தின் மீதான உரிமை, அடமானம் போன்றவற்றைப் பதியும் கேப் டவுன் உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவகத்தில் முன்கூட்டியே கணக்குத் தொடங்காதவர் கடைசி நாளில் தவிக்கிறார். டிசம்பர் விலையை மார்ச் விலையோடு ஒப்பிட்டு ஏற்றம், இறக்கம் என்று எழுதுவது சரியாகாது.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் இன்ஜின் திட்ட நிலை, அடுத்த பெரிய ஆய்வின் மாதம், விற்பனைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமானக் கொள்முதல் ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்கள்