துணிக்கிளிப் பலகை

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள். பேட்டரி விஷயத்தை விட்டுவிடாதே என்கிறாள், அதற்கு வருகிறேன்.

ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானக் கிளப்பில் நீ சேர்ந்திருக்கிறாயே, அதன் கொட்டகைச் சுவரில் 11 முதல் 60 வரை எண் போட்டு, எண்ணுக்கு ஒரு துணிக்கிளிப் மாட்டிய பலகை தூசி படிந்து கிடக்கிறதே, எதற்கு என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ஒதுக்கிய 50 சேனல்கள் அவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. உன் சேனல் 32 என்றால், 32-ஆம் கிளிப்பை எடுத்து டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து ஓட்டும் பெட்டி) ஏரியலில் மாட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். மாட்டாமல் போட்டு, அதே 32-இல் வேறு ஒருவர் பறக்கவிட்டுக்கொண்டிருந்தால், அவருடைய விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் இரண்டு பேச்சையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். விமானம் தரைக்கு வந்துவிடும். தப்பு செய்தவருடைய விமானம் மேசைமேல் பத்திரமாக இருக்கும். கிளப்புகள் இதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவும் சாதாரண ஊர் இல்லை. வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் அங்கேதான் 1937-இல் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவால் ஓட்டினார்கள். அன்றைக்கு இதற்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும், ரிசீவரில் வால்வு (பழைய ரேடியோக்களின் கண்ணாடிக் குழாய்). முறுக்கிய ரப்பரின் விசையில் சுக்கான் திரும்பும். ரேடியோ சமிக்ஞை ஒவ்வொரு முறையும் அந்த ரப்பரின் பூட்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்க மாதிரி விமானக் கழகம் (இன்றைக்கு இண்டியானாவில் மன்சி) தொடங்கியது அதற்கு ஒரு வருடம் முன்னால், 1936-இல்.

திடல் ஏன் ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் என்று அலுத்துக்கொண்டாய். சத்தம்தான். 1947-இல் ரே ஆர்டன் என்பவர், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் குட்டி எஞ்சினுக்கும் தீப்பொறி எழுப்பக் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் சுமக்க வேண்டும். க்ளோ பிளக்கில் ஒரு பிளாட்டினக் கம்பிச்சுருள். மெத்தனால் ஆவி பட்டே அது கனன்றுகொண்டிருக்கும், கிளப்பிவிட மட்டும் பேட்டரி போதும். எஞ்சின் எளிதானது, பறக்கவிடுபவர்கள் பெருகினார்கள், வீடுகள் திடலை நெருங்கின, சண்டை வந்தது. மஃப்ளர் (சத்தம் அடக்கும் குழாய்) கட்டாயம், இத்தனை மணிக்குமேல் எஞ்சின் கூடாது என்ற விதிகள் அப்படி வந்தவை. உன்னுடையது மின்மோட்டார், கிளப் விதிகளில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போ.

கிளிப்புக்கு வேலை போனது 2005-க்குப் பிறகு, 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளால். தன்னோடு 'பைண்ட்' செய்த (ஜோடி சேர்த்த) டிரான்ஸ்மிட்டரின் குறியீட்டைத் தவிர வேறெதையும் ரிசீவர் ஏற்காது. ஆனால் பழைய தப்பு போன இடத்தில் புதுத் தப்பு வந்து உட்கார்ந்துகொண்டது: டிரான்ஸ்மிட்டர் நினைவில் வேறு விமானத்தின் பெயர் திறந்திருக்கும், எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) தலைகீழாக வேலை செய்யும். திரையில் பெயரைப் பார். பிறகு விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளு. வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். குச்சியை உன் பக்கம் இழுத்தால் எலவேட்டர் (வாலில் உள்ள மடல்) மேலே. "அசைகிறது, சரி" என்று போய்விடாதே, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்.

ஃபெயில்சேஃபும் (சமிக்ஞை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) அப்படியே. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணை. மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, த்ராட்டிலை (மோட்டார் வேகத்துக்கான குச்சி) அடியில் வைத்து மறுபடி பைண்ட் செய். மற்ற நாளெல்லாம் வரிசை இதுதான்: டிரான்ஸ்மிட்டர் முதலில், விமானத்துப் பேட்டரி பிறகு; கழற்றும்போது பேட்டரி முதலில்.

இனி எடைமையம். இறக்கையின் அகலம் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 20 செ.மீ. என்று எழுதியிருந்தாய். பயிற்சி விமானத்துக்கு அதில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. கையேட்டில் ஓர் எண் இருந்தால் அதை எடுத்துக்கொள். பேட்டரியை வைத்து, இறக்கையின் அடியில் இருபுறமும் பென்சிலால் குறித்து, இரண்டு விரல்நுனியில் தூக்கு. மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தொங்கினால் பறக்கவிடாதே. குச்சியைத் தொட்டவுடன் மூக்கு துள்ளி எழும், வேகம் செத்து, ஒரு பக்கம் சாய்ந்து விழும். பேட்டரியை முன்னால் தள்ளிப் பார், ஈயம் ஒட்டுவது கடைசி வழி.

காற்றோடு திரும்பும்போது விமானம் தரையைப் பார்க்க வேகமாக ஓடுவதுபோல் தெரியும். கண்ணை நம்பி த்ராட்டிலைக் குறைப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். இறக்கைக்கு எதிர்ப்படும் காற்றின் வேகம் அப்போது கூடவே இல்லை. உன்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிக் குழப்பும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, நிமிரும்.

இப்போது அம்மாவின் பேட்டரி. மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர்-மணி லைப்போ (லித்தியம் பாலிமர்): சார்ஜ் 2.2 ஆம்பியரில், முழுமையாக 12.6 வோல்ட். முதல் தடவை டைமரை 4 நிமிடத்துக்கு வை. இறக்கியபின் சார்ஜர் எவ்வளவு ஏற்றியது என்று பார். 1200 மில்லி ஆம்பியர்-மணி என்றால் நிமிடத்துக்கு 300. ஐந்தில் நான்கு பங்கு, 1760, அதற்குமேல் உறிஞ்சக்கூடாது. ஆக ஐந்தே முக்கால் நிமிடம்தான் உன் உச்சம். குளிரில் இன்னும் குறையும், பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோ. பறக்கவிடாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வை. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதே. சார்ஜ் ஆகும்போது தூங்கவும் போகாதே (இது அம்மா).

எடை 250 கிராமுக்கு மேல் என்றால் அமெரிக்கக் கூட்டரசு விமான நிர்வாகத்தில் (FAA) பதிவு வேண்டும்: 5 டாலர், மூன்று வருடம் செல்லும், எண்ணை விமானத்தின் வெளிப்புறத்தில் எழுது. பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்களுக்கான 'ட்ரஸ்ட்' பாதுகாப்புத் தேர்வு இலவசம், சான்றிதழைப் போனில் வைத்துக்கொள். ரிமோட் ஐடி கருவி (விமானத்தின் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிப்பது) வேண்டுமா என்பது உன் திடல் விலக்குப் பெற்றதா என்பதைப் பொறுத்தது. கிளப் செயலாளரைக் கேள்.

முதல் பத்து தடவை 'பட்டி பாக்ஸ்' (பயிற்சியாளருடைய டிரான்ஸ்மிட்டரோடு இணைத்த இரண்டாவது டிரான்ஸ்மிட்டர்) இல்லாமல் பறக்கவிடாதே. பயிற்சியாளர் தன் பக்கத்துச் சுவிட்சை விட்டவுடன் கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும்.

அந்த நான்கு நிமிடத்துக்குப் பிறகு சார்ஜர் காட்டிய எண்ணை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா