முரட்டுத்தனம் ரேசரின் தலையில்தான் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

இரட்டைமுனை பிளேடு போடும் சேஃப்டி ரேசர் பற்றிய குறிப்புகளில் ஓர் அறிவுரை அடிக்கடி தென்படுகிறது: 'ரேசர் முரட்டுத்தனமாக வெட்டினால் கூர்மை குறைந்த பிளேடுக்கு மாறுங்கள்.' இதைக் கேட்டு நடப்பவர்களுக்குத்தான் கழுத்து அதிகமாகச் சிவக்கிறது. மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். இழுத்தால் கை தானாகவே அழுத்தும். முரட்டு ரேசரில் அழுத்தினால் தோல்தான் வெட்டுப்படும்.

முரட்டுத்தனம் ரேசரின் தலை அமைப்பில் இருக்கிறது. மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே சுமார் 0.1 மி.மீ. தடிமனுள்ள பிளேடு வளைந்து இறுகி நிற்கிறது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு அளவுகள். ஒன்று, பிளேடு முனைக்கும் அதன் கீழுள்ள பாதுகாப்புப் பட்டைக்கும் இடைவெளி எவ்வளவு என்பது. மற்றொன்று, மூடியின் விளிம்பையும் பட்டையையும் தொட்டபடி ஒரு நேர்கோடு இழுத்தால், அதைத் தாண்டி முனை எவ்வளவு வெளியே நீள்கிறது என்பது. விற்பவர்களில் பலர் முதல் அளவை மட்டும் சொல்கிறார்கள். முகத்தில் உணரப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். முனை கோட்டுக்குள் அடங்கியிருந்தால் சாது ரேசர். வெளியே நீண்டிருந்தால் முரட்டு ரேசர். இடைவெளியும் அகலமாக இருந்துவிட்டால், அழுத்தும்போது தோல் அதற்குள் பிதுங்கி முனையின் வழியில் வந்து நிற்கும்.

மியூலே நிறுவனத்தின் ஆர்89, ஆர்41 ரேசர்கள் இரண்டுக்கும் ஒரே கைப்பிடியைப் பொருத்தலாம். தலை மட்டும்தான் வேறு. முதலாவது சாது, இரண்டாவது முரட்டு ரேசர்களில் பேர்போனது. ஆர்41-இன் பட்டையில் சீப்புப்பல் இருப்பதால் பலர் அந்தப் பல்லையே குற்றவாளியாக்குகிறார்கள். பல்லின் வேலை நீண்ட முடிக்கும் நுரைக்கும் வழிவிடுவது. சீப்புப்பல் வைத்த சாது ரேசர்களும் உண்டு.

அடர்ந்த, தடித்த தாடி உள்ளவர்களுக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சவரம் செய்பவர்களுக்கும் முரட்டு ரேசர் அருமையான கருவி; அடைத்துக்கொள்ளாமல் வெட்டித் தள்ளும். மெல்லிய தாடியைத் தினமும் மழிப்பவருக்குத் தேவையே இல்லை. பருக்கள் நிறைந்த முகத்துக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

பிளேடு மாட்டும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. மூடியையும் தட்டையும் குறுகிய ஓரங்களில் பிடித்து அழுத்தியபடியே கைப்பிடியைத் திருக வேண்டும். பிறகு நேரெதிரே பிடித்து, இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் சுரண்டினால், பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். தளர்த்தி மறுபடி மாட்டினாலே சரியாகிவிடும்.

தாடியை வெதுவெதுப்பான நீரில் குறைந்தது இரண்டு நிமிடம் நனைத்தாக வேண்டும். தண்ணீர் குடித்த முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். நுரை தயிர்போலத் திரண்டு, ஈரமாக இருக்கட்டும். குமிழிகளாகப் பொங்கும் நுரை முகத்திலேயே காய்ந்துவிடும்.

கோணத்தைக் கண்டுபிடிக்க, மேல்மூடியைக் கன்னத்தில் படுக்க வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதை மெல்லக் கீழே இறக்குங்கள். முனை முடியைத் தொட்டு வெட்டும் சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் சுமார் 30 பாகை வரும். சாது ரேசர் ஐந்தாறு பாகை பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும், முரட்டு ரேசர் பொறுக்காது. இன்னும் இறக்கினால் முனை தோலைச் சுரண்டும். கைப்பிடியை நுனி விரல்களால் பிடியுங்கள். ரேசரின் எடையே போதும். ஒரு இழுப்புக்கு 2, 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தாடைவளைவில் இன்னும் குறைவு.

முதலில் முடி வளரும் திசையில், மறுபடி நுரை பூசிக் குறுக்காக. முரட்டு ரேசருக்கு இவ்வளவுதான் வேலை. மூன்றாவதாக எதிர்த்திசையில் மழிப்பது பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. கழுத்தில் முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. பலருக்கு அது பக்கவாட்டில் ஓடும். சுருள்முடிக்காரர்கள் தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழித்தால், வெட்டுப்பட்ட முனை தோலுக்கடியில் போய் உள்ளேயே வளைந்து வளர்ந்து புடைக்கும்.

முடிவில் குளிர்ந்த நீரால் கழுவி, ஈரமுகத்தில் படிகாரக் கல்லைத் தேயுங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்தமோ கோணமோ தவறியிருக்கிறது. பிளேடை மூன்று முதல் ஐந்து சவரத்துக்குள், இழுக்கத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். முனையைத் துணியால் துடைக்காமல், தண்ணீரில் அலசி உதறினால் போதும். ஒருவர் பிளேடை இன்னொருவர் பயன்படுத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியே பரவ வழியுண்டு.

'கூர்மை குறைந்த பிளேடுக்கு மாறுங்கள்' என்ற அறிவுரைக்குப் பதிலாக 'சாதுவான தலையில், நல்ல பிளேடோடு தொடங்குங்கள்' என்று தங்கள் நலப் பக்கத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்