ஆடை வரலாற்றுக்குத் தமிழிலும் ஒரு மேடை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பரில், தென்கிழக்காசியப் பெண்கள் உடுத்தும் மேல்சட்டையான கெபாயாவை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து நாடுகளோடு சேர்ந்து மலேசியாவும் கேட்டுப் பெற்ற அங்கீகாரம் அது. அதிலிருந்து பினாங்கு ஜோர்ஜ்டவுனில் கெபாயா பற்றி உரை நடக்கிறது என்று கேள்விப்பட்டால் நான் போய்விடுகிறேன். பரதநாட்டிய உடை தைப்பது என் தொழில். அந்த உரைகளில் கற்றவை என் வேலைக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் இப்படி ஓர் உரை தமிழில் இங்கே நடக்கக் காணோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை, உரையாற்றிய அம்மையார் படம் காட்டுவதோடு நிற்கவில்லை. பழைய நியோன்யா (பெரனாக்கான் சீனப் பெண்கள் உடுத்தும்) கெபாயா ஒன்றை உட்புறம் தெரியும்படி புரட்டி மேசைமேல் விரித்தார். வெங்காயத் தோல் போல மெல்லிய வாயல் துணி. முன்பக்கம் பட்டனும் இல்லை, ஹூக்கும் இல்லை. கெரோசாங் என்ற மூன்று அலங்கார ஊசிகள்தான் பிடித்துக்கொள்ளும். பூவேலையின் ஓரத்தை முதலில் மெஷினில் நெருக்கமாகத் தைத்து, பிறகு நடுத்துணியைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். தெபுக் லுபாங் என்பது இந்த வேலைதான். பக்கத் தையலை ஒட்டி இன்னொரு வரிசை ஊசித் துளைகள். உடுத்தியவர் உடம்பு பூசியதும் யாரோ தையலைப் பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். "அக்கா, உள்ளே துணி விட்டுத் தைங்க, பிள்ளை வளர்ந்துருவா" என்று என்னிடம் தாய்மார்கள் சொல்வதும் இதற்காகத்தானே!

நம் உடைகளைப் பற்றிச் சொல்ல இதைவிட அதிகமாகவே இருக்கிறது. பஜாமா, முன்புற மடிப்பு விசிறி, இடுப்புத் துணி, தாவணி என்று தனித்தனியாகத் தைத்து மாட்டும் நடன உடை ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்றே பெற்றோர் பலர் நம்புகிறார்கள். அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. 1935 இல் சென்னை அடையாற்றில் மேடையேறிய பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையை வடிவமைத்தார். தைக்க உதவியவர் மேடம் கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர். அதற்கு முன்பு பஜாமாவின்மேல் சேலையைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். இதைத் தெரிந்துகொள்வதால் அந்த உடையின் மீதுள்ள மரியாதை கூடுமே தவிரக் குறையாது. பட்டுச் சேலையின் முந்தானையை விசிறிக்கென்று ஏன் ஒதுக்குகிறோம், முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கும்போது மடிப்புகள் ஒன்றுபோல் விரிய என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் யாரோ தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக் கண்டுபிடித்தவை. சலங்கை பூஜைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இதை அரை மணி நேரம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

துணியின் கதை இன்னும் பெரியது. சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் கொண்டு ஏற்றிய சிவப்பு, துவைத்தாலும் போகாத சிவப்பு. டச்சுக்காரர்கள் 1613 இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். அந்தக் கரையில் வாங்கிய துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். இங்கிலாந்தில் இந்தத் துணி மீதிருந்த மோகத்தைத் தாங்க முடியாமல், 1721 இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடைச்சட்டம் போட்டார்கள். வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் உரைகளை இணையத்தில் ஆங்கிலத்தில் கேட்டுத்தான் இதையெல்லாம் தெரிந்துகொள்கிறேன். நெய்தவர்களிலும் கப்பலேற்றியவர்களிலும் பலர் பேசிய தமிழில் கேட்க இங்கே வழியில்லை.

பள்ளி நாடகங்களில் சோழ ராணி ஜிப் வைத்த வெல்வெட் ரவிக்கையில் வரும்போது மனம் சங்கடப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களில் இடையாடை எப்படிச் சுற்றி மடிகிறது என்று ஒரு படத்தைக் காட்டினாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். மேடை நாகரிகம் கருதி ரவிக்கை போடுவதில் தவறில்லை, தெரிந்து போடட்டும்.

உரையாற்றப் பேராசிரியர்தான் வரவேண்டும் என்பதில்லை. காலால் மிதிக்கும் மெஷினிலேயே வாழ்நாளெல்லாம் ரவிக்கை தைத்த பெரியவர்கள் லிட்டில் இந்தியாவில் இன்னும் இருக்கிறார்கள். பஃப் கை எப்போது வந்தது, கழுத்து எப்போது இறங்கியது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வரலாறு படித்தவர் ஒருவரையும் தையற்காரர் ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். வந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து துணியைத் தொட்டுப் பார்க்கட்டும். பேசுவதைப் பதிவும் செய்துவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கும் பயன்படும்.

தங்கள் ஞாயிறு பதிப்பும் கைகொடுக்கலாம். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கல்யாண ரவிக்கையின் படத்தை அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், தைத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வரும் நவராத்திரியில் பினாங்கில் எந்த ஆலயம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தந்தாலும், தையல் பிரித்த ஒரு நடன உடையையும் அதை அளவெடுத்து வெட்டப் பயன்படும் பேப்பர் கட்டிங்குகளையும் எடுத்துக்கொண்டு முதல் உரைக்கு வர நான் தயார்.

இப்படிக்கு,
நடன உடை தைக்கும் வாசகி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு