மலையக நகரங்களில் பயணப் பை விற்கும் முதலாளிமார்களுக்கு: அட்டையில் வெளி அளவையும் வெறும் எடையையும் எழுதுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை எங்கும் பை கடை வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

"ப்ளேனுக்குள்ள கொண்டுபோற பேக் ஒன்னு காட்டுங்க" என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் கட்டாருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. கடையில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "20 இஞ்ச் எடுங்க, எல்லா ப்ளேனுக்கும் சரி." அந்தப் பதிலை மாற்றும்படி கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

20 இஞ்ச் என்றால் 50.8 சென்ரிமீற்றர். பல மாடல்களில் அது பெட்டியின் உடம்பு உயரம் மட்டும். கீழே சக்கரமும் மேலே கைபிடியும் சேர்ந்தால் 55, 56 ஆகிவிடும். விமான நிறுவனங்கள் சக்கரம், கைபிடி, வெளிப் பொக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கெடுக்கின்றன. உயரம், அகலம், தடிப்பு என்ற வரிசையில் எகனாமி பயணிக்கு எமிரேட்ஸ் தருவது 55, 38, 22 சென்ரிமீற்றர். ப்ளை துபாயில் 55, 38, 20. இண்டிகோவில் 55, 35, 25. எயார் ஏசியாவில் 56, 36, 23. கட்டார் எயார்வேஸில் 50, 37, 25. அதாவது எமிரேட்ஸில் தடையில்லாமல் ஏறும் 55 உயரப் பெட்டி, கட்டார் எயார்வேஸ் பையை வைத்துப் பார்க்கும் அளவுக் கூண்டில் 5 சென்ரிமீற்றர் வெளியே நிற்கும். இந்த ஐந்துக்கும் பொதுவாக ஒரு பை வேண்டுமென்றால் சக்கரத்தோடு 50, 35, 20க்குள் அடங்க வேண்டும். எந்த விமானம் என்று தெரியாமல் வருகிறவருக்கு இதற்கு மேல் பெரிதாக எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். டிக்கட் கையில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். வழியில் இரண்டு நிறுவனங்கள் மாறுகிறதென்றால் சிறிய அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அளப்பது ஒரு நிமிட வேலை. பையைச் சுவரோரம் தரையில் நிறுத்துங்கள். இழுக்கும் தண்டை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, கைபிடியின் மேல் ஒரு கொப்பியைப் படுக்கையாக வைத்துச் சுவரோடு ஒட்டுங்கள். தரையிலிருந்து கொப்பியின் அடிப்பக்கம் வரை உள்ளதுதான் உயரம். அகலத்தையும் தடிப்பையும் பை நிரம்பியிருக்கும்போது எடுக்க வேண்டும். துணிப் பை வெறுமையாக இருக்கையில் 20 காட்டும், முன் பொக்கெட்டில் ஒரு ஸ்வெட்டரைத் திணித்ததும் 24 ஆகிவிடும். விரிக்கும் சிப் உள்ள மாடல் இன்னும் மோசம். அதைத் திறந்தால் நான்கைந்து சென்ரிமீற்றர் கூடும். அந்த சிப்பைப் பெரிய வசதியாகக் காட்டி விற்கிறீர்கள். போகும்போது அதைத் திறக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அளவை விட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எடையில். மேலே சொன்ன ஐந்திலும் எகனாமிக்கு 7 கிலோதான். எயார் ஏசியாவில் தோளில் தொங்கும் சிறு பையும் அந்த 7க்குள் அடக்கம். பளபளக்கும் கெட்டி ட்ரொலி ஒன்று வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிச்சம் நான்கு. லெப்டொப்பும் சார்ஜரும் இரண்டை எடுத்துவிட்டால் உடுப்புக்கும் தேயிலைப் பக்கெட்டுக்கும் இரண்டே கிலோ. ஒரு கிலோவுக்குள் உள்ள துணி முதுகுப்பை எடுத்தால் ஆறு கிலோ சாமான் போகும். முதல் தடவை போகிற பிள்ளைக்கு விலை கூடிய ட்ரொலியை விட இந்த முதுகுப்பைதான் உதவும். உங்களுக்கு இலாபம் குறையலாம், ஆனால் ஹட்டனிலிருந்து பஸ் மாறி மாறிக் கட்டுநாயக்க போய்ச் சேர்ந்தவருக்கு, கவுண்டரில் கூடுதலாக நிற்கும் ஒன்றரை கிலோவைத் திருப்பிக் கொடுத்தனுப்பப் பக்கத்தில் ஆள் இருக்காது. பணம் கட்ட வேண்டும், இல்லை சாமானை விட்டுப் போக வேண்டும்.

சக்கரம் வேண்டும் என்பவருக்கு, உடம்புக்குள் பதிந்த இரண்டு பெரிய சக்கரம் உள்ளதைக் காட்டுங்கள். சுற்றிச் சுழலும் நான்கு சிறு சக்கரம் விமான நிலையத் தரைக்கு நல்லது. தோட்டத்துக் கல் ரோட்டில் ஒரு கல் சிக்கினாலே அச்சு உடையலாம், அனுமதிக்கும் உயரத்திலும் அந்தச் சக்கரத்துக்கே நான்கு சென்ரிமீற்றர் போய்விடும்.

இன்னொன்று நம் மலைப் பக்கத்துக்கே உரியது. மென்மையான சக்கரங்களிலும் தோல் போலத் தெரியும் மேற்பூச்சிலும் இருப்பது பொலியூரித்தேன். ஈரக் காற்றில் அது பாவிக்காமலே சிதையும். மூட்டமும் மழையுமாக இருக்கும் ஊரில் பின் அறையில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கை அப்படியே விற்காதீர்கள். சக்கரத்தை நகத்தால் அழுத்துங்கள். தூள் உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அது வழியிலேயே கழன்றுவிடும். உட்பூச்சு கையில் ஒட்டினாலும் அதே கதைதான்.

பவர் பேங்க் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். அது கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய சூட்கேஸில் போடவே கூடாது. 20,000 மில்லி அம்பியர் அவர் என்றால் ஏறத்தாழ 74 வொட் அவர், பொதுவான எல்லை 100. எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், விமானத்துக்குள் பாவிக்கவும் முடியாது. கழற்ற முடியாத லித்தியம் பற்றரி பொருத்திய 'ஸ்மார்ட்' பையை வாங்கி வைக்காதீர்கள். கித்துள் பாணி, அச்சாறு, சம்பல் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் கைப்பையில் போகாது.

நாங்கள் கேட்பது கடையில் ஒரு டேப், ஒரு தொங்கு தராசு, ஒவ்வொரு பையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை. "சக்கரம், கைபிடி சேர்த்து 50 × 35 × 20 செ.மீ., வெறும் எடை 1.9 கிலோ" என்ற அளவுக்கு எழுதினால் போதும். புறக்கோட்டையில் அடுத்த சரக்கு எடுக்கப் போகும்போது அந்த டேப்பையும் தராசையும் கொண்டு போங்கள். மொத்த வியாபாரி 'கேபின் சைஸ்' என்று சொன்னாலும் ஒரு பையை எடுத்து நிறுத்தி அளந்து, தராசில் தூக்கி எடை பார்த்த பிறகே ஓடர் கொடுங்கள்.