அந்த ஆரஞ்சு பட்டனைத் திரும்ப வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, தமிழ்ல இப்பல்லாம் யாரு ப்ளாக் எழுதுறான்னு ஒருத்தர் ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தார். எழுதுறாங்க சார். நாம சேத்து வச்ச ப்ளாக்குல புதுசா வர்றதையெல்லாம் ஒரே எடத்துல காட்டுற ஃபீட் ரீடர்னு ஒண்ணு இருக்கு, என்னோடதுல 63 ப்ளாக் இருக்கு, இந்த வாரம் மட்டும் 9 புதுப் பதிவு வந்திருக்கு, அதுல ஒண்ணு நாலு மாசமா சத்தமே இல்லாம இருந்த ஒருத்தரோடது, கல்வெட்டு பத்தி எழுதுறவர், அவர் திரும்ப எழுத வந்தது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. தினம் ஒவ்வொரு வீடா போய்க் கதவத் தட்டிப் பாக்குற வேலையை ரீடர் எனக்காக செஞ்சிடுது.

2004ல தமிழ்மணம்ங்கிற ப்ளாக் திரட்டி வந்த காலத்துல இருந்தவங்களுக்கு இது புதுசில்ல. காலைல அந்தத் திரட்டியத் தொறந்தா யாரு என்ன எழுதிருக்காங்கன்னு ஒரே பக்கத்துல தெரியும், அதுக்கு அடியில ஓடுனது ஆர்எஸ்எஸ்ங்கிற இந்த செய்தியோடைதான், இங்கிலீஷ்ல ஃபீட், புதுப் பதிவு வந்தா ரீடருக்குத் தெரிய வைக்கிறது அதுதான். அப்புறம் 2005ல கூகுள் ரீடர் வந்துச்சு, நிறைய பேர் அதுக்கு மாறுனாங்க, 2013 ஜூலை 1ந்தேதி அதை மூடினதும் ஓடையே வத்திப்போச்சுன்னு நெனச்சு விட்டுட்டாங்க. அதான் தப்பு. ஆர்எஸ்எஸ்ங்கிறது 1999ல நெட்ஸ்கேப்புல ஆரம்பிச்சாலும் எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்ல, இன்னிக்கு நாம கேக்குற பாட்காஸ்ட் கூட பெரும்பாலும் அது வழியாத்தான் வருது.

ஃபீட்லி, இனோரீடர் மாதிரி ரீடர் எதுல வேணா ப்ளாக் முகவரியப் போட்டாப் போதும், பெரும்பாலும் அதுவே ஓடையக் கண்டுபிடிச்சுக்கும், இல்லன்னா வேர்ட்பிரஸ் ப்ளாக்கா இருந்தா முகவரி கடைசில ஒரு சாய்கோடு போட்டு ஃபீட்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாக்கலாம். ஒவ்வொரு ப்ளாக்குக்கும் ஈமெயில் குடுக்க வேணாம். எழுதுன தேதி வரிசைல வரும், நான் யாரையெல்லாம் சேத்தேனோ அவங்க மட்டும்தான் வருவாங்க. நாளைக்கு இந்த ரீடரும் மூடிட்டா? மொத்த லிஸ்டையும் ஓபிஎம்எல்னு ஒரே ஃபைலா இறக்கி வேற ரீடர்ல ஏத்திக்கலாம், நான் ரெண்டு தடவை அப்படி வீடு மாறியிருக்கேன், ஒரு ப்ளாக் கூட விட்டுப்போகல.

ப்ளாக் எழுதுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். செட்டிங்ஸ்ல ஃபீட முழுசா விடுங்க, மூணு வரிய மட்டும் விட்டு மிச்சத்த வெட்டிடாதீங்க, பஸ்ல சிக்னல் இல்லாத எடத்துல படிக்கிறவங்க இருக்கோம்.

இப்ப உங்க கிட்ட கேக்க வந்தது. உங்க வெப்சைட்ல முன்னாடி இந்த ஓடைக்கான ஆரஞ்சு கலர் பட்டன் இருந்துச்சு, புதுசா டிசைன் மாத்துனப்ப எடுத்துட்டீங்க. எல்லா செய்தியும் எனக்கு ஓடையில வேணாம், அது காலைல பேப்பராவே வீட்டுக்கு வருது. பத்திக் கட்டுரை எழுதுறவங்களுக்கு ஆளுக்கொரு ஓடை குடுங்க, முக்கியமா புதன்கிழமை விதை நெல்லு பத்தி எழுதுறாரே அவருக்கு. வச்ச அன்னிக்கே 64வதா சேத்துக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
தஞ்சாவூர்