விளையாட்டுச் சாமானைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிந்த பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைக்கிள், கீபோர்டு, நீச்சல் வகுப்பு என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளை கேம் கேட்டு அடம்பிடித்தால், டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டியான கன்சோலை விட்டுவிட்டுக் கணினியாக வாங்குங்கள், படிப்புக்கும் உதவும் என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்த யோசனையைக் கேட்டுச் செலவு செய்த வீடுகளுக்கு நான் வேலையாகப் போய் வருகிறவன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் யூபிஎஸ், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. எனக்கு கேம் ஆடத் தெரியாது. ஆனால் கேம் ஆடும் பையன் இருக்கிற வீட்டில் எந்த சுவிட்ச் கருகுகிறது, எந்த பேட்டரி ஊதுகிறது என்பது தெரியும்.

போன மாதம் என் அக்கா மகன் கடைக்கு வந்தான். பத்தாவது முடித்து பிளஸ் ஒன் போகப் போகிறான். "மாமா, அப்பா கன்சோல்னா வாங்கித் தரமாட்டாராம். சிஸ்டம்னா சரின்னு சொல்றாரு. நீங்க வந்து படிப்புக்கு ரொம்ப உதவும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவன் அப்பா சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். மானிட்டர் உட்பட எழுபத்தைந்தாயிரம் என்று ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் பையன் கையில் இருந்தது.

"படிப்புக்கு என்ன செய்யப்போற மாப்ளே?" என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான். இரண்டும் எங்கள் கடையில் பில் போடுகிற பழைய லேப்டாப்பிலேயே ஓடும். கேமிங் சிஸ்டத்தில் பணத்தை விழுங்குவது, கேமின் காட்சிகளைத் திரையில் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கும் பைத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதுபோக, கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் லேப்டாப், டேப்லெட் தரப்போவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறது. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை என்று உண்மையிலேயே ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு கிராஃபிக்ஸ் கார்டு உதவும், மறுக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இந்நேரம் அம்மாவின் போனிலாவது எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

படிப்பு என்று சொல்லி வாங்குவதில் பணத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அப்படி வாங்கிய வீட்டில் பிள்ளை ஆடுகிற ஒவ்வொரு நிமிடமும் திருட்டுக் கணக்கில் போய்விடும். அம்மா அறைக்குள் வந்தால் சட்டென்று திரை மாறும். "இதுக்குத்தான் வாங்கிக் கொடுத்தோமா" என்று தினமும் ஒரு சத்தம். வண்ணாரப்பாளையத்தில் ஒரு வீட்டில் நான் யூபிஎஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சண்டை நடந்தது. கன்சோல் வாங்கிய வீட்டில் இந்த நாடகம் இல்லை, ஏனென்றால் அதை யாரும் நோட்டுப் புத்தகம் என்று நினைப்பதில்லை. ஆடும் நேரம் ஆடு, எழுந்திரு என்றால் எழுந்திரு. கணினி வாங்கினாலும் அதே மாதிரி நேராகச் சொல்லி வாங்கினால் என்ன கெட்டுவிடும்?

அதனால் அவனிடம் வேறு கேள்வி கேட்டேன். என்ன கேம், யாரோடு? வாலரன்ட் என்றான். வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் ராத்திரி சேர்ந்து ஆடுகிறார்களாம், இவன் மட்டும் வெளியே. அது கணினியில் பிறந்த கேம். ஆடுவதற்குக் காசு கிடையாது, பெரிய மெஷினும் கேட்காது. கூட்டாளிகள் எல்லோரும் கணினியில் இருக்கும்போது இவனுக்கு மட்டும் ஐம்பதாயிரத்துக்கு கன்சோல் வாங்கித் தந்தால், தனியாக உட்கார்ந்து ஆடுவான், இரண்டு மாதத்தில் தூசி படியும். அவனுக்குக் கணினிதான் சரி. காரணம் கூட்டாளிகள், பாடத்திட்டம் இல்லை.

முதுநகரில் இன்னொரு வீடு. அண்ணன் தம்பி இருவரும் கால்பந்துப் பைத்தியம். ஹாலில் ஒரே டிவி, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் வந்து சேர்ந்துகொள்வார். அங்கே கன்சோலைத் தவிர வேறு எதை வாங்கினாலும் வீண். இரண்டு கன்ட்ரோலர், ஒரு சோபா, முடிந்தது.

ஆக, எது நல்ல மெஷின் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் பிள்ளையிடம் மூன்று கேம் பெயரை எழுதி வாங்குங்கள். பக்கத்தில் யாரோடு ஆடுவான் என்றும் எழுதட்டும். பாதிக் குழப்பம் அந்தத் தாளிலேயே தீரும்.

அப்புறம் செலவு. சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் (பிஎஸ்5) 2021 பிப்ரவரியில் நம் நாட்டுக்கு வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலை எடுத்தவர்கள் நிறைய. ஆனால் பெரிய நிறுவனங்களின் புது கேம் 4,999 ரூபாய் அளவுக்குப் போகும். டிஸ்க் இருந்தால் ஆடி முடித்ததை விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், பழையதாக வாங்கலாம். டிஜிட்டலில் வாங்கியது வாங்கினவரின் ஆன்லைன் கணக்கோடு போயிற்று. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோல் விலை குறைவு, அதிலும் டிஸ்க் கிடையாது. நின்டெண்டோ கேட்கும் பிள்ளையின் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த நிறுவனம் தன் ஸ்விட்ச் கன்சோலை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கடையில் இருப்பது வெளியிலிருந்து வந்த சரக்கு. கெட்டுப்போனால் விற்ற கடைக்காரர் மனசுதான் வாரண்டி.

காசு கொடுத்து வாங்கிய கேமைக் கன்சோலில் இணையம் வழியாக மற்றவர்களோடு ஆட, பெரும்பாலும் சந்தாவும் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு அது வேண்டாம். கணினியில் அந்தச் சந்தாத் தொல்லை இல்லை, ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் அடிக்கடி தள்ளுபடி வரும், எபிக் கடையில் வாராவாரம் இலவசமாக ஏதாவது தருவார்கள். முதல் நாள் கன்சோல் மலிவாகத் தெரியும், மூன்றாம் வருடம் கணக்குப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கணினிக்காரர்களுக்கு இப்போது நேரம் சரியில்லை. 2025 கடைசியிலிருந்து ராம் (மெமரி) விலை ஏறிக்கொண்டே போனது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அதற்காகப் பழைய ஆபீஸ் சிஸ்டத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி 'கேமிங் பிசி' என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. வாலரன்டும் விண்டோஸ் 11இல் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

இனி என் தொழில். இதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமிங் சிஸ்டம் ஆடும்போது மானிட்டரோடு சேர்த்து 350, 400 வாட் இழுக்கும். கடையில் 'கம்ப்யூட்டர் யூபிஎஸ்' என்று எடுத்துக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கரண்ட் போன அடுத்த நொடி ஓவர்லோடு ஆகிக் கத்திவிட்டு அணையும். பிறகு யூபிஎஸ் மோசம் என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1 கேவிஏ, அதாவது 1,000 விஏ வேண்டும், அதையும் கொட்டேஷனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5 ஆடும்போது 200 வாட் சுமார், டிவியோடு சேர்த்தாலும் சின்ன யூபிஎஸ்ஸிலேயே சமாளிக்கலாம்.

வீட்டில் சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் ஈகோ, யூபிஎஸ் என்று இரண்டு நிலை இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் குறையும், கணினி ரீஸ்டார்ட் ஆகாது. வாங்கின நாள் முதல் அந்த சுவிட்சைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

கணினியின் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்பார்கள். அது பெரும்பாலும் சிஸ்டத்தின் கோளாறு இல்லை, எர்த் இல்லாத பிளக் பாயிண்ட். திருப்பாதிரிப்புலியூரின் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் ஒயரைச் சுவிட்ச் பெட்டிக்குள் சும்மா மடித்து வைத்திருப்பார்கள். எழுபத்தைந்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பாருங்கள். கொட்டேஷனில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்று மட்டும் எழுதி, கம்பெனி பெயரும் வாட்டும் வாரண்டியும் எழுதாமல் இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவு எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு எதிரி உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னலோரம் வைத்த சிஸ்டத்தைத் திறந்தால் ராம் முனையில் பச்சை பூத்திருக்கும், விசிறியில் தூசியும் உப்பும் சேர்ந்து பசையாகியிருக்கும். கணினியை நாமே திறந்து தட்டிச் சுத்தம் செய்யலாம், கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று வருட வாரண்டி சாதாரணமாகவே கிடைக்கும். கன்சோலுக்கு ஒரு வருடம். பிஎஸ்5 உள்ளே சிப்பின் மேல் திரவ உலோகம் தடவியிருக்கிறது, தெரியாதவர் திறந்தால் போர்டே போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க கணினி கட்சி. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி ஓரத்துத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது, மேஜைக்கு அடியில் தரையில் வைத்திருந்த கேபினட்டுகள்தான் முதலில் நனைந்தன. எதை வாங்கினாலும் மேஜை மேல் வையுங்கள்.

மின் கட்டணத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்குக் கணினி 63 முதல் 72 யூனிட், கன்சோலும் டிவியும் 50 யூனிட் சுமார். பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிற வீடாக இருந்தால்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கே கட்டணம் இரண்டு மடங்காகும். உண்மையில் மீட்டரை ஓட்டுவது, பையன் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிற ஏசி. ஹாலில் வைத்தால் அந்தச் செலவும் இல்லை, யாரோடு என்ன பேசுகிறான் என்பதும் காதில் விழும்.

இணையத்தையும் பாருங்கள். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி வரும். நாளைக்கு 2 ஜிபி தருகிற மொபைல் ரீசார்ஜை நம்பினால் இறக்கி முடிக்க 50 நாள். ஃபைபர் இல்லாத வீட்டில் டிஸ்க் மாடல் கன்சோல் ஓரளவு கைகொடுக்கும்.

பணம் வைத்து ஆடும் சூதாட்ட ஆப்களோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அவற்றைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது. கன்சோலும் கணினி கேமும் அந்த வகையில் வராது. கேமுக்குள் துப்பாக்கிக்குச் சாயம், சட்டைக்கு மினுமினுப்பு என்று விற்பார்கள், அதனால் கார்டு நம்பரை மட்டும் அதில் சேமித்து வைக்காதீர்கள்.

அக்கா வீட்டுக்காரரிடம் பேசினேன், பையன் சொல்லச் சொன்னபடி இல்லை. "இது படிப்புக்கு இல்லை மாமா, அவன் கூட்டாளிகளோடு ஆடறதுக்கு. அந்த மனசோடு வாங்கறதா இருந்தா வாங்குங்க. அவ்வளவு பெரிய கார்டும் வேண்டாம், பாதி விலையில இவன் கேட்கற கேம் ஓடும்" என்றேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் மட்டும் கொட்டேஷனை வாங்கி, கிராஃபிக்ஸ் கார்டு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, சின்னதாகப் போட்டால் எவ்வளவு என்று கேட்டு வரச் சொல்லி அவனையே திருப்பி அனுப்பினார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பைக்குக்கும் காருக்கும் மைலேஜ், சர்வீஸ் செலவு என்று போடுகிறீர்களே, அதே போல இந்தச் சாமான்களுக்கும் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். விலைப்பட்டியல் எங்களுக்கு எங்கும் கிடைக்கும். எத்தனை வாட், எந்த யூபிஎஸ், வாரண்டி எத்தனை வருடம், கெட்டால் கடலூர், புதுச்சேரியிலேயே பார்ப்பார்களா, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைப் போடுங்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் வந்தால் நல்லது. ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லோரும் படிப்பைச் சொல்லி வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
யூபிஎஸ் பழுது பார்க்கும் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.